கஸ்தூரியின் மாடியை நான் இடித்த கதை

கலை ரசனை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆளைக் கல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. இது எனக்குப் புரிய ஒரு வீடு இடிய வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் நான் கணக்கு அதிகாரி. குடியிருந்தது திருவொற்றியூரில், வாடகைக்கு. எங்கள் பக்கத்தில் மலை என்றால் துறைமுகத்தில் கொட்டிவைத்த நிலக்கரிதான். அதனால் எங்கள் கேன்டீன் பெண்கள் வேன் பிடித்து ஒரு மலைக்கோயிலுக்குக் கிளம்பியபோது, மனைவி வசந்தாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். சாமி கும்பிட அல்ல, 'மலையேற்றத்துக்கு'. (கான்வாஸ் ஷூ, தொப்பி, கழுத்தில் கேமரா. கேன்டீன் கஸ்தூரி மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், இமயமலைக்கா?" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.)

கஸ்தூரிக்கு வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு. அதற்குள் மாமியார், கொழுந்தன் குடும்பம், அவள் புருஷன், பிள்ளைகள். "ராவுல ஒர்த்தர் பொரண்டா அல்லாரும் பொரளணும் சார்" என்று சொல்லிச் சிரிப்பாள். தனியாக ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது.

பெண்கள் வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறி மறைந்துவிட்டார்கள். நான் பாதி வழியில் இயற்கையை ரசித்தேன். (அதாவது, உட்கார்ந்துவிட்டேன்.) மூச்சு திரும்பி எழுந்து ஒரு வளைவைத் தாண்டினால், கண்முன்னே அற்புதம்! பாதையோரச் சரிவெங்கும் கல்மேல் கல்லாக அடுக்கிய சின்னச் சின்னக் கோபுரங்கள். கையெழுத்தில்லை, பெயரில்லை. யாரோ ஒரு அநாமதேயக் கலைஞன்! ஃபிலிம் ரோல் முழுவதையும் அங்கேயே தீர்த்தேன்.

தரிசனம் முடித்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். வசந்தா வாயைத் திறப்பதற்குள் நான் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டேன். அங்கிருந்ததிலேயே உயரமான அடுக்கைக் காட்டி, "இதில் ஒரு ஏக்கம் தெரிகிறது பாருங்கள். செய்தவன் பெரிய மேதை. வெளிநாட்டில் படித்தவனாகக்கூட இருக்கலாம்" என்றேன்.

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லு சார், சொல்லு. இன்னும் இன்னா தெரீது?"

ஊக்கம் பிறந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் மூன்று கல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. "இது கற்பனை வறண்ட ஆள் வைத்தது. ஃபிலிமுக்குத் தண்டம்" என்றேன். வசந்தா எங்கோ பார்த்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேதையின் படைப்பில் நடுக்கல் ஒன்று கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது. "இதை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளினால்…"

"சார்! கை வெக்காத!"

வைத்தாகிவிட்டது. மொத்தமும் சரிந்து உருண்டு, கீழிருந்த மூன்று கல்லையும் அடித்துக்கொண்டு போனது.

"யோவ் சார்! என் வூட்ட இட்ச்சிட்டியே!"

அப்போதுதான் தெரிந்தது. சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் மலைப்பாதையில் கல் அடுக்கிவிட்டுப் போவார்களாம். காலையில் ஏறும்போது கஸ்தூரி கட்டிய வீடு அது. நான் உள்ளே தள்ளப் பார்த்த கோணல் கல், பிள்ளைகள் படிக்க அவள் கேட்டிருந்த மாடி அறை. தரிசனம் முடிந்து இறங்கி வந்த கையோடு வீடு தரைமட்டம். சிரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்து அழுதாள். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் படமெடுக்கவில்லை. (ரோல் தீர்ந்துவிட்டதே!)

"நானே அடுக்கித் தருகிறேன் அம்மா" என்று குனிந்தேன்.

"உன் கை பட்ட வூடு எனக்கு வாணாம். கல்ல எட்த்துக் குடு, போதும்."

பட்டதாரி அதிகாரி சித்தாளானேன். "இது சொத்தக் கல்லு, வேற எடு" என்று அவள் தள்ளியவை அதிகம். வீடு மறுபடி எழுந்தது, பழைய கோணலோடு.

இறங்கும்போது வசந்தாவிடம், "அந்த மூணு கல்லு யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னுதுங்க. ஹாலு, சமையக்கட்டு, ஒரு ரூமு. உங்களுக்கு ஏத்த மாதிரிதானே கேக்க முடியும்?"

திரும்பிப் போய் எடுத்து வைத்திருக்கலாம். "பரவால்லங்க, வேன் நிக்குது" என்றாள். முட்டியும் வலித்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கஸ்தூரியின் அழுகை அன்றே ஓய்ந்தது. இது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

சில வருடங்களில் கஸ்தூரி விம்கோ நகரில் வீடு கட்டினாள், மாடி அறையோடு. கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். வாசலிலேயே என்னை மடக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். "வந்தியா சார்? குந்து, சாப்டு. எதையும் தொடாத."

அந்த வாக்கியத்தை எங்கள் குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. நான் சுத்தியலை எடுத்தாலும் சரி, பேத்தியின் பொம்மை வீட்டுப் பக்கம் போனாலும் சரி, "தாத்தா, குந்து. எதையும் தொடாத" என்று குரல் வந்துவிடும். வசந்தாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அந்த மலைப் படங்களைச் சட்டம் போட்டு மாட்ட ஒருமுறை ஆணி அடிக்கப் போனேன். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.