எட்டு வாட் மாப்பிள்ளை

நாரணாபுரம்,
28.6.2004

மரியாதைக்குரிய மச்சான் செந்தூர்பாண்டி அவர்கள் சமூகத்திற்கு, தனுஷ்கோடி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் தங்கை பொன்னுத்தங்கம், மகள் பிரீத்திகா, நான் மூவரும் சுகம். என் காது மட்டும் வழக்கம்போல் சுகமில்லை. தூத்துக்குடியில் தாங்களும் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் போனில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. காலமெல்லாம் நம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குப் பக்கத்தில் நின்று சோதனை பார்த்த காது அப்படித்தான் இருக்கும். நீங்கள் பார்த்துச் சொன்ன விருதுநகர்ப் பையன் பிரபாகரனைப் பற்றி, 'சம்மதமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லும்' என்றது மட்டும் கேட்டது. ஒரே வார்த்தையில் அடங்காத அளவுக்கு இங்கே காரியங்கள் நடந்துவிட்டதால் எழுத்தில் சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனி உத்தியோகம், நல்ல குடும்பம், பையனும் பணிவு. சும்மா இருக்கும் நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆம்ப்ளிஃபயர் செய்வேன் என்றார். நம் சொந்தத்தில் வெடி செய்கிறவன் உண்டு, தீப்பெட்டி செய்கிறவன் உண்டு, காலண்டர் அடிக்கிறவன் உண்டு. ஆம்ப்ளிஃபயர் செய்கிற மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. அடுத்த வாரமே லாரி ஆபீசில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஒரு இரும்புப் பெட்டி, அதன் தலையில் வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். கூடவே ஒரு சீட்டு: 'மாமா, இது எட்டு வாட். மெதுவாக வைத்துக் கேளுங்கள்.' பொன்னுத்தங்கம் அதைப் படித்துவிட்டு, "எட்டு வாட்டா? நம்ம வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பே பதினஞ்சு இழுக்குமாம்ல" என்றாள். எனக்கும் சுருக்கென்றது. நம் வீட்டில் பாட்டுக் கேட்கிற சிங்கப்பூர் செட்டில் இரண்டாயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

இதற்கு நடுவில் என் உண்மையான கஷ்டம் வேறு. பையனைப் பிடித்திருக்கிறதா என்று பிரீத்திகாவிடம் கேட்டேன். ஏதோ சொன்னாள். அவள் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, எறும்பு நடக்கிற சத்தம். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள், மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்க ஒரு தகப்பனுக்கு வெட்கமாக இருக்காதா? பொன்னுத்தங்கத்தை அனுப்பினால், "எங்க அண்ணன் பாத்த பையனை வேண்டாம்பாளா?" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டு வந்தாள். பெற்ற பெண் சரி என்றாளா, வேண்டாம் என்றாளா என்று தெரியாமலே சீசன் வேலையில் திரிந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை மச்சான்.

சரி, பையனின் யோக்கியதையை நாமே சோதித்துவிடுவோம் என்று, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினேன். கம்பெனியில் வெடிச் சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தேன். முற்றத்து நடுவில் சாமானை வைத்து, தள்ளி நின்று, ஒரே நாதஸ்வர சிடியை ஒவ்வொன்றிலும் போட்டேன். முதலில் மாரிசாமியின் மைக் செட் ஆம்ப்ளிஃபயர், கோயில் பொங்கலுக்குக் கட்டுவது. மீட்டர் எல்லை தாண்டி ஓடியது. எதிர்வீட்டு ஒச்சப்பன் யார் வீட்டு விசேஷம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்தது நம் சிங்கப்பூர் செட். எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் அலமாரிக்குள் தாளம் போட்டன, தவில் நெஞ்சில் வந்து இடித்தது, நாதஸ்வரத்தைத்தான் காணவில்லை. சரவெடிதான், சத்தம் போனபின் காகிதம்தான் மிச்சம். கடைசியாக எட்டு வாட். மீட்டர் முள் அசையவே இல்லை. நமத்துப்போன வெடி என்று முடிவு கட்டினேன்.

ஆனாலும் பாவம், தூர தேசத்திலிருந்து அனுப்பியதாயிற்றே என்று வீட்டுக்குள் வைத்து இன்னொரு முறை போட்டேன். கொஞ்ச நேரத்தில் வால்வுக்குள் சிவப்பாகக் கனிந்தது. அந்த நேரம் பார்த்து லோடு விஷயமாக நம் போர்மேன் முனியராஜ் உள்ளே வந்தான். கணகணவென்று எரியும் ஒரு பெட்டியையும் அதன் பக்கத்தில் குனிந்திருக்கும் முதலாளியையும் பார்த்தான். வாசலில் நான் எப்போதும் வைத்திருக்கும் சிவப்பு வாளியைத் தூக்கினான், ஒரு வாளி மணலும் மாப்பிள்ளையின் தலையில், அதாவது ஆம்ப்ளிஃபயரின் தலையில். கத்தவா முடியும்? "கங்கு தெரிஞ்சா கேக்காமப் போடுன்னு நீங்கதான மொதலாளி சொன்னீக" என்றான். போன தீபாவளிக்கு அதற்காகவே அவனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து நின்றார். பெட்டியைக் கவிழ்த்து, பிரஷால் மணலைத் தட்டி, "ஒண்ணும் ஆகல மாமா" என்றார். முனியராஜை அழைத்து வரச் சொல்லி, அவன் கையைப் பிடித்து, "நீங்க இருக்குற எடத்துல பொண்ணு எடுத்தா நிம்மதியா ஒறங்கலாம்ணே" என்றார். முனியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மேசைக்குப் பின்னால் ஏதோ ஒயரை மாட்டினார், வால்வு சிவந்தது, அதே சிடி.

மச்சான், என்னவென்று சொல்வேன். சத்தமே இல்லை, ஆனால் எல்லாம் கேட்டது. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம், டிவியையும் பொன்னுத்தங்கம் அணைத்துவிட்டாள். அந்த அமைதியில் அடுக்களை வாசலிலிருந்து பிரீத்திகா, "அப்பா, அவுகளுக்குக் காப்பியில சீனி எம்புட்டுப் போடணும்னு கேளுங்க" என்றாள். எனக்குக் கேட்டது. எழுந்து அவளிடமே போய், "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன். "அன்னைக்கே ரெண்டு தடவ பிடிச்சிருக்குன்னு சொன்னேனேப்பா" என்றாள். அதுவும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மணல் தூசி என்று சமாளித்தேன்.

ஆகவே என் தீர்ப்பு இது: உலகத்தில் எட்டு வாட்டுக்கு மிஞ்சிய ஆம்ப்ளிஃபயர் கிடையாது, சிங்கப்பூர் செட்டை மாரிசாமிக்கே கொடுத்துவிடப்போகிறேன். தீபாவளி லோடெல்லாம் போய்ச் சேர்ந்தபின், தை மாதத்தில் நல்ல முகூர்த்தமாகப் பாருங்கள். தாய்மாமன் சீரோடு தாங்கள் முன்னால் நின்று நடத்தித்தர வேண்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
தனுஷ்கோடி

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்தபோது பிரீத்திகா கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். மணல் விழுந்ததில் ஒரு வால்வு உடைந்துபோயிற்றாம், புதிது கோயமுத்தூரிலிருந்துதான் வர வேண்டுமாம். முனியராஜ் மனசு நோகக்கூடாது என்று மாப்பிள்ளை மற்ற வால்வுகளைச் சும்மா எரியவிட்டு, ஸ்பீக்கர் ஒயரை நம் சிங்கப்பூர் செட்டில் மாட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்தாராம். நான் கேட்டதெல்லாம் என் செட்டைத்தானாம். ஆகவே மேலே ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதியது எதையும் நம்ப வேண்டாம். இத்தனை வருஷத்தில் அதைக் குறைத்து வைக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. முகூர்த்தத்தைத் தை வரை தள்ளாமல், ஆவணியிலேயே பாருங்கள்.