எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒரு வக்காலத்து

ஆர்லீன் டீட்ஸின் கைகள் இரண்டும் முழங்கை வரை முட்டைக்கோஸில் இருந்தன. பெரிய வியாழன் மத்தியானம். பங்குக் கோவிலுக்கு அடியிலுள்ள சமையலறையில், மறுநாள் மீன் விருந்துக்கான கோஸைச் சன்னமாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்து பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, மீன் பொரிக்கிற பெரிய அடுப்பைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவில் ஒரு அட்டை தொங்கியது: ‘சாட்சிப் பொருள். தொடக்கூடாது.’ கட்டியது போலீஸ்காரர் இல்லை. அவள் புருஷன்.

நார்பர்ட் டீட்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த ரகத்தைத் தெரியும். அரசாங்கத்துக்காக ஆயுசில் பாதியை ஆட்களை உள்ளே தள்ளுவதில் கழித்துவிட்டு, தலை நரைத்ததும் கடவுளுக்காக அரசாங்கத்தையே கூண்டில் ஏற்றக் கிளம்புகிற ரகம். கடவுள் இவர்களுக்கு எப்போது வக்காலத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் பேரிலும் ஒரு மனு வரும்.

இந்த ரகம் எப்படி உருவாகிறது? இளம் வயதில், மில்வாக்கியில், மத்திய அரசின் குற்ற வழக்குகளை நடத்தும் வக்கீலாக. அங்கே ஒவ்வொரு வழக்குக்கும் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் இன்னார்’ என்றுதான் பெயர். ஒரு பக்கம் கடற்படை, விமானப்படை, கொடி, கழுகு, அத்தனை மாநிலங்கள், அவற்றின் சார்பில் நீலக் கோட்டுப் போட்ட நார்பர்ட். மறு பக்கம் வேர்த்துக்கொண்டு ஒரு ஆள். இப்படி இருபத்தைந்து வருஷம் பழகினால் யாருக்குத்தான் தலை கனக்காது? வீட்டுக்கு வந்தாலும் அந்த நாடு முழுவதும் பின்னாலேயே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்காரும். மற்றவர்கள் “உப்பைக் கொஞ்சம் தள்ளு” என்பார்கள். நார்பர்ட் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“உப்புக் குப்பி உன் வலது கைப் பக்கம்தான் இருக்கு, சரியா?”

“சரி.”

“அது எனக்கு எட்டாதுன்னும் உனக்குத் தெரியும், சரியா?”

“தெரியும்.”

“வேற கேள்வி இல்ல.”

பிறகுதான் உப்பு வரும். அதற்குள் சூப் ஆறியிருக்கும்.

அந்த நாட்களில் அவருக்குச் சட்ட விதிதான் வேதம். ஹார்வி லெம்கே என்கிற குழாய் வேலைக்காரர் ஏரிக்கரை நாணலில் ஒரு வாத்தைச் சுட்டார். வலசை வரும் வாத்து மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பது; பொழுது சாய்ந்தபின் சுடக்கூடாது. ஹார்வி சுட்டபோது பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. “சூரியன் இறங்கினால் துப்பாக்கியும் இறங்க வேண்டும். விதி என்றால் விதி” என்று நார்பர்ட் நீதிமன்றத்தில் முழங்கினார். ஹார்வி அபராதம் கட்டினார், துப்பாக்கியை இழந்தார், வாத்தையும் அவருக்குத் தரவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் வென்றன.

பிறகு ஓய்வு வந்தது. ஓய்வு பெற்ற மாதமே நார்பர்ட் ஒரு தியானக் கூட்டத்துக்குப் போய், கண் பளபளக்கத் திரும்பி வந்தார். கடவுள் தம்மிடம் பேசியதாகச் சொன்னார்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டாள் ஆர்லீன்.

“கட்சிக்காரர் சொன்னத வக்கீல் வெளிய சொல்லக் கூடாது.”

அப்படித் தொடங்கியதுதான் பல் மருத்துவர் வீட்டு மாடியில் உள்ள ‘விசுவாச உரிமை மையம்’. உள்ளதைச் சொல்ல வேண்டும்: முதல் வழக்கு பொன்னான வழக்கு. லாவோஸ் பக்கமிருந்து வந்து குடியேறிய ஒரு ஹ்மாங் குடும்பம் தகப்பனாருடைய சாவுச் சடங்கை அவர்கள் வழக்கப்படி இரவு பகலாக மேளம் அடித்து நடத்தவிருந்தது. நகராட்சி சத்தம் என்று தடுத்தது. நார்பர்ட் போனார், பேசினார், மேளம் அடிக்க வைத்தார். கடைசி நாள் வரை அந்தக் குடும்பத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தும் இருந்தார். ஆர்லீனுக்கு அன்று புருஷன் மேல் உண்மையாகவே பெருமை.

ஆனால் அப்படி ஒரு வழக்கு ஆயுசுக்கு ஒன்று வந்தால் பெரிது. மிச்ச நாட்களில் என்ன செய்வது? மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கன்னியாஸ்திரி ஒருவர் தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினார். நார்பர்ட் அவருக்காக, வண்டி நின்றது ஜெபத்துக்காக என்று வாதாடினார். ஜெபம் நடந்த இடம் டோனட் கடை. பேருந்து நிறுத்தத்தின் கூரை நிழல் மாதா சிலை மேல் விழுகிறது என்று ஒரு மனு. கத்தோலிக்கர் இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளியில் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் கோழி வந்தது என்று ஒரு மனு. ஒவ்வொன்றுக்கும் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “பதிவுக்காகச் சொல்றேன்” என்று ஆரம்பிப்பார். யாரும் எதையும் பதிவு செய்துகொண்டிருக்க மாட்டார்கள். அதனால் என்ன?

இனி, அடுப்பு.

திங்கட்கிழமை தீயணைப்புத் துறை ஆய்வாளர் டீனா ரடோம்ஸ்கி வந்து சமையலறையைப் பார்த்தாள். வருஷாவருஷம் வருகிறவள்தான். கோவில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் அவள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளியும் தவறாமல் வரிசையில் நின்று மீன் வாங்குகிறவளும்கூட. அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற தகரக் கூண்டுக்குள் டார்ச் அடித்தாள். அந்தத் தவக்காலம் முழுவதும் பொரித்த மீனின் எண்ணெய் உள்ளே அடை அடையாகத் தொங்கியது.

“இது பத்திக்கிச்சுன்னா மேல பீடம் வரைக்கும் போயிடும், மிஸஸ் டீட்ஸ். நல்லா சொரண்டிக் கழுவிட்டு என்னக் கூப்பிடுங்க, பாத்துட்டுப் போறேன். அது வரைக்கும் அடுப்பு வேணாம்.”

“ஒரு காலைப் பொழுது வேலைதான்.”

“நானும் வேணா வந்து தேய்க்கிறேன்.”

விஷயம் அதோடு முடிந்தது. அதாவது, முடிந்திருக்கும். ஆர்லீன் அதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லாமல் இருந்திருந்தால்.

நார்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “பெரிய வாரத்துல.”

“ஆமா.”

“பெரிய வெள்ளிக்கு முன்னாடி.”

“நார்பர்ட், அது பிசுக்கு.”

“அப்போஸ்தலர்கள் என்ன தொழில் பண்ணாங்க?”

“மீன் புடிச்சாங்க. பொரிச்சாங்கன்னு எங்கேயும் எழுதல.”

“இன்னைக்கு அடுப்பு, நாளைக்குப் பீடம். பதிவுக்காகச் சொல்றேன்.”

மறுநாளே மனு போய்விட்டது. பெரிய வெள்ளியில் மீன் பொரிப்பது சமையல் அன்று, வழிபாடு. எனவே அதன் பிசுக்கு வழிபாட்டின் விளைபொருள். அதைக் கழுவச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை. கீழே பங்குத்தந்தை கிளெமென்ஸின் கையெழுத்து. பாவம், அவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற மனிதர். ஞானஸ்நானச் சான்றிதழ் என்று நினைத்தாராம். கூடவே, பழைய தொழிலின் பழக்கம் விடுமா? சாட்சிப் பொருளை யாரும் தொடக்கூடாது என்று நகராட்சிக்கு நார்பர்ட் ஓர் எச்சரிக்கையும் அனுப்பினார்.

நகராட்சி வக்கீல் லேசுப்பட்டவரா? மிக்க மகிழ்ச்சியோடு பதில் போட்டார். ‘முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறோம். ஈஸ்டருக்குப் பிறகு விசாரணை முடியும் வரை உங்கள் தரப்பிலும் யாரும் அந்தக் கூண்டைக் கழுவக் கூடாது.’ கழுவாமல் அடுப்பு எரியாது. கழுவினால் சாட்சியை அழித்த குற்றம். கோவிலின் மீன் விருந்தை எந்தக் கொடுங்கோலனும் நிறுத்தவில்லை. அதன் சொந்த வக்கீல் நிறுத்தினார், நாடா கட்டி, முடிச்சுப் போட்டு.

ஆகவே வியாழன் மத்தியானம், மீனுக்குத் தடை இருந்தாலும் கோஸுக்குத் தடை இல்லை என்று ஆர்லீன் பிழிந்துகொண்டிருந்தாள். தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் ஹார்வி லெம்கே உட்கார்ந்திருந்தார். ஆமாம், அதே வாத்து ஹார்விதான். இப்போது கோவிலில் மீன் பொரிப்பவர் அவர். நார்பர்ட் நாடாவைச் சரிபார்க்க வந்தார்.

“வாங்க வக்கீலய்யா,” என்றார் ஹார்வி. “நாளைக்கு என்னத்தப் பொரிக்கட்டும்? உங்க மனுவையா? மாவு இருக்கு.”

“ஒரு கொள்கைக்காக ஒரு வெள்ளிக்கிழமையத் தியாகம் பண்ணக் கூடாதா, ஹார்வி?”

“என் வாத்துக்கு அன்னைக்கு எந்தக் கொள்கையும் வரலயே.”

“அது சட்டம்.”

“இது?”

“இது ஒடுக்குமுறை.”

“ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?”

ஆர்லீன் தலை நிமிராமல் சொன்னாள். “இன்னைக்கு டீனா நிக்கிற எடத்துல அன்னைக்கு இவர் நின்னார். அவ்வளவுதான்.”

ஹார்வி வாளியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். ஆர்லீன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோஸை உதறிவிட்டுத் துண்டில் துடைத்தாள்.

“நார்பர்ட், இர்மாவத் தெரியும்ல?”

இர்மா ஷூமேக்கரைத் தெரியாதவர் யார்? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற கிழவி. சர்க்கரை நோய். டாக்டரை நம்ப மாட்டாள், அரசாங்கத்தை நம்ப மாட்டாள், நர்ஸ் என்றால் நாயை அவிழ்த்துவிடுவாள். ஆர்லீன் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ். அந்தக் கதவு அவளுக்கும் திறந்ததில்லை. ஒரே ஒரு பொருளுக்குத்தான் திறக்கும். கோவில் மீன் தட்டு. வீட்டில் பொரித்தது என்றால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். தவக்கால வெள்ளிகளில் தட்டோடு போனால் இர்மா கதவைத் திறப்பாள், தின்று முடிக்கும் வரை காலை நீட்டி வைத்திருப்பாள், ஆர்லீன் அந்தக் காலைப் பார்ப்பாள்.

“போன வெள்ளி கட்டை விரலுக்குக் கீழ ஒரு புண்ணு. ஓரம் கறுக்க ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு மருந்து கட்டி, ஆஸ்பத்திரிக்கு வான்னு பேசி முடிக்கணும். கையில மீன் இல்லாம நான் எந்த மொகத்தோட கதவத் தட்டுறது?”

“ஈஸ்டர் முடிஞ்சதும் விசாரணை...”

“அது வரைக்கும் அந்தக் கால்கிட்ட ஒரு வாய்தா வாங்கித் தர்றியா?”

நார்பர்ட் வாயைத் திறந்தார். பெல்ட்டைப் பிடித்தார். பதிவுக்காக ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த அட்டையைப் பார்த்தார். பழைய வழக்குகளில் வேர்த்துக்கொண்டு நின்றவர்களைப் போல அவருக்கும் நெற்றியில் லேசாக வேர்த்தது.

இங்கேதான் சிக்கல். இந்த ரகத்துக்கு முன்னால் போகத் தெரியும். பின்னால் வரத் தெரியாது. தப்பு என்று புரிந்தாலும் வாபஸ் என்கிற வார்த்தை தொண்டையில் முள்ளாக நிற்கும். ஆனால் ஆர்லீன் குளிக்க மறுக்கிற நோயாளிகளைக் குளிப்பாட்டியே வயசானவள். குளிக்கிறீர்களா என்று கேட்கவே கூடாது, மாட்டேன் என்பார்கள். இடது கையை முதலில் கழுவட்டுமா, வலது கையையா என்று கேட்க வேண்டும்.

“நார்பர்ட், சாட்சிய இப்படித் தொங்க விடலாமா? எலி தின்னா உன் வழக்கு என்னாகும்? சொரண்டி எடுத்துப் பத்திரமா மூடி வெக்கணும். ஊறுகாய் ஜாடியில வெக்கலாமா, ஜாம் ஜாடியிலயா?”

யோசிக்க யோசிக்க அவர் முதுகு நிமிர்ந்தது.

“ஊறுகாய் ஜாடி. வாய் அகலம்.” பிறகு, “ரெண்டு ஜாடி வேணும். எதிர்த் தரப்புக்கும் ஒண்ணு கொடுக்கணும். அதுதான் முறை.”

நகராட்சி வக்கீல் தொலைபேசியிலேயே சம்மதித்தார். அவரும் கத்தோலிக்கர். அவருக்கும் வெள்ளிக்கிழமை மீன் வேண்டும்.

மறுநாள் காலை, பெரிய வெள்ளி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் வக்கீல் ஏணி மேல் நின்று கரண்டியால் பிசுக்கைச் சுரண்டினார். ஏணியைப் பிடித்தது ஹார்வி. “அங்க ஒரு ஓரம் விட்டுட்டீங்க, வக்கீலய்யா. விதின்னா விதி.” நார்பர்ட் மறுபேச்சில்லாமல் அந்த ஓரத்தையும் சுரண்டினார். டீனா சொன்னபடி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சோடா உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தாள். தேய்த்து முடித்த பிறகு ஆய்வாளராகி டார்ச் அடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். நார்பர்ட் இரண்டு ஜாடிகளுக்கும் மூடி இறுக்கி, மெழுகு வைத்து, தேதி எழுதி, கையெழுத்திட்டார். பல நாளாக அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. ஹார்வி அடுப்பைப் பற்றவைத்து, சோதனைக்குப் போட்ட முதல் துண்டு பொன்னிறமானதும் தட்டில் எடுத்து வைத்தார். ஆர்லீன் அதன் ஓரத்தில் கோஸை வைத்து, கோட்டுப் பைக்குள் மருந்துக் கட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இர்மா கதவைத் திறந்தாள்.

ஜாடி இன்னும் டீட்ஸ் வீட்டு நிலவறை அலமாரியில் இருக்கிறது. தூங்கிப்போன வழக்கு எப்போது திரும்ப உயிர்பெறுமோ, யார் கண்டது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு முறை ஏறிப் பாருங்கள். மச்சினர் கல்யாணத்தில் முன்வரிசையில் நாற்காலி போடாதது, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியது என்று, மூடி இறுக்கி, தேதி போட்டு, நீங்கள் பத்திரப்படுத்திய ஜாடி எதுவும் அங்கே இல்லையே?

இல்லை என்கிறீர்களா?

பதிவுக்காகத்தானே சொல்கிறீர்கள்?