வீடு அசைந்ததால் படம் வரவில்லை

தொண்ணூறுகளின் நடுவில் சிவகங்கையில் மரபு இல்லப் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் படம் எடுத்து வைப்பது அதன் பணி. படம் எடுக்கப்படாத வீட்டில் ஓர் ஓடுகூட மாற்றக் கூடாது என்பது விதி. மாற்றிவிட்டால், பழசு எப்படி இருந்தது என்று அரசுக்குத் தெரியாமல் போய்விடும் அல்லவா?

படம் எடுப்பவர் சகாய ஆண்டனி. கழுத்தில் தொங்கும் ரோல் கேமராவுக்குள் மேலிருந்து குனிந்து பார்ப்பார், மூச்சைப் பிடிப்பார், ஒரு 'க்ளிக்'. காபி ஆறுவதற்குள் ஒரு வீடு முடிந்துவிடும். அலுவலகத்துக்கு இதுதான் கவலை. இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலைக்கு எதற்கு ஓர் அலுவலகம் என்று யாராவது கேட்டுவிட்டால்?

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு டிஜிட்டல் கேமரா வந்து இறங்கியது. சிறப்பு அலுவலர் குருநாதன் தம் கையாலேயே அதற்குச் சந்தனம் வைத்தார். லென்ஸிலும் கொஞ்சம் பட்டது.

முன்பக்கம் ஆண்டனிக்குப் பழகிய கேமரா மாதிரிதான். பின்னால் பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் போய்க் கம்ப்யூட்டரில் சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடவை எடுத்து, மூன்றையும் ஒன்றாக்கினால்தான் ஒரு வண்ணப் படம். அதுவரை எதிரில் எதுவும் அசையக் கூடாது.

"நம்ம சனங்க அசையாம நிப்பாகளா சார்?" என்றார் ஆண்டனி.

"நாம எடுக்கப் போறது வீட்டை. வீடு எங்கய்யா அசையப் போகுது?"

டிஜிட்டல் படம் இல்லாத வீடு, படமே எடுக்கப்படாத வீடாகக் கருதப்படும் என்று ஆணை பிறந்தது. ஆண்டனி அதுவரை எடுத்திருந்த அத்தனை வீடுகளும் அன்று மாலையே காணாமல் போயின.

கானாடுகாத்தான் நாகம்மை ஆச்சியின் வீடும் அவற்றில் ஒன்று. தையில் மகள் சௌபர்ணிகாவுக்குக் கல்யாணம். வீட்டின் நடுவே முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கும் வளவில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வளவின் ஓரத்தில் ஓர் உத்தரம் கரையான் அரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். ஆசாரியிடம் சொல்லியாயிற்று. படம்தான் இல்லை.

ஆச்சி நாலு தடவை சிவகங்கைக்கு நடந்த பிறகு ஜீப் வந்தது. கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார் ஆண்டனி. வந்து இறங்கியதும் கரண்ட் போனது. பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அது ஓடியதில் தரை அதிர்ந்தது. ஜெனரேட்டரை அடுத்த தெருவில் வைத்து, ஊரில் இருந்த வயரையெல்லாம் முடிச்சுப் போட்டு இழுத்தார்கள்.

தூணின் உயரம் தெரிய ஒரு மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று குருநாதனே போய் நின்றார். சிவப்புக்குக் கம்பீரமாக நின்றார். பச்சையில் கொசு கடித்தது.

திரையில் மூன்று குருநாதன்கள் வந்தார்கள். சிவப்பு குருநாதன் விறைப்பாக நின்றார். பச்சை குருநாதன் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டார். நீல குருநாதன் உள்ளங்கையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

'கட்டடத்தின் போதிய ஒத்துழைப்பின்மையால் படம் பெற இயலவில்லை' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

மறுமுறை புறாக்களை விரட்டினார்கள். கடிகாரத்தை நிறுத்தினார்கள். சமையல்கட்டில் தாளிக்கக் கூடாது என்றார்கள். அப்படியும் படத்தில் உத்தரத்தைச் சுற்றி வானவில் தெரிந்தது.

"உங்க உத்தரம் ஆடுது ஆச்சி," என்றார் குருநாதன் கண்டிப்பாக.

"ஆடுதுன்னுதானே மாத்தணுங்கிறேன்!"

"மாத்தணும்னா படம் வேணும்."

"படம் வேணும்னா?"

"உத்தரம் ஆடக் கூடாது."

"ஒரு முட்டாவது கொடுத்துக்கிடட்டுமா?"

"கொடுக்கலாம். படத்துல முட்டு விழுந்தா, அதுவும் மரபாயிரும். அப்புறம் எடுக்க முடியாது. யோசிச்சுக்கங்க."

ஆச்சி ஆண்டனியைத் தனியே கூப்பிட்டார். "ஏன் தம்பி, போன வருசம் உங்க பழைய பெட்டியில எடுத்தீகளே, அதுல வீடு பளிச்சுன்னு இருந்துச்சே!"

ஆண்டனிக்கு அதற்குள் புதுக் கேமரா தலைக்கு ஏறியிருந்தது. வீட்டில் மனைவி லூசியா சோறு போடும்போதுகூட அசையாமல் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சியை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வெறும் போட்டோ ஆச்சி. இது டேட்டா."

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. ஒரு மத்தியானம் எல்லாரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உத்தரம் ஓடுகளோடு வளவுக்குள் இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை. ஓட்டுக் குவியலையும் மேலே தெரிந்த வானத்தையும் மாறி மாறிப் பார்த்த ஆச்சிக்கு அழுகை வந்தது.

செய்தி கேட்டு ஜீப் பறந்து வந்தது. ஆண்டனி மூன்று தடவை எடுத்தார். ஒவ்வொரு ஓடும் எண்ணிப் பார்க்கிற மாதிரி துல்லியமான படம்.

"இப்பத்தான் வீடு ஒத்துழைக்குது," என்றார் குருநாதன், கண் கலங்கி.

படம் பெரிது. எந்தப் பிளாப்பியிலும் அடங்கவில்லை. அதை அச்சிடும் மெஷினும் மாவட்டத்தில் இல்லை. ஆகவே ஆண்டனி பீரோவிலிருந்து ரோல் கேமராவை எடுத்து, கம்ப்யூட்டர் திரையை ஒரு படம் எடுத்தார். அதைக் கழுவி, டிஜிட்டல் படம் என்று எழுதிக் கோப்பில் ஒட்டினார்கள்.

மேலிடம் மகிழ்ந்தது. ஒரே வாரத்தில் ஆணை வந்தது: 'மேற்படி இல்லம் படத்தில் கண்டவாறே, யாதொரு மாற்றமுமின்றிப் பாதுகாக்கப்பட வேண்டும்.'

கல்யாணம் காரைக்குடி மண்டபத்துக்கு மாறியது. ஆச்சியிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. வீடு விழுந்ததை விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "டிஜிட்டல்ல எடுத்திருக்காக" என்று சொல்வார். விசாரிக்க வந்தவர்கள் சற்றுப் பொறாமையோடு திரும்பிப் போவார்கள். சம்பந்தி வீட்டுக்கும் அது எட்டிவிட்டது.

கல்யாணத்தன்று ஆண்டனி ரோல் கேமராவோடு வந்தார். ஆச்சிக்கு முகம் மாறியது.

"அதை உள்ள வைங்க தம்பி! மாப்பிள்ளை வீட்டுக்காரக பார்த்தா என்ன நினைப்பாக?"

குருநாதன் விருந்துக்கு வந்திருந்தார். அவரே பெரிய மனது பண்ணி, களப் பயிற்சி என்ற கணக்கில் அரசாங்கக் கேமராவை ஜீப் அனுப்பி வரவழைத்தார்.

மணமேடை முன் வயர் ஓடியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

"அசையாதீக!" என்றார் ஆண்டனி.

மாப்பிள்ளை கை அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரக்காரர் கன்னத்தில் காற்றோடு நின்றார். அட்சதை எறியப் போனவர்கள் ஓங்கிய கையோடு நின்றார்கள். பச்சை வரும்போது ஒரு குழந்தை தும்மியது, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நீலம் வரும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு ஆள் போனது. கை வலிக்கிறது என்று மாப்பிள்ளை முனகியபோது, "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, டிஜிட்டல்" என்று அதட்டியது நாகம்மை ஆச்சிதான்.

கடைசியில் படம் அருமையாக வந்தது. மண்டபத்தில் ஒருவர்கூட அசையவில்லை. முகூர்த்த நேரம் மட்டும் அசைந்து போயிருந்தது.