களத்தில் காய்ந்த இசைத்தட்டு

இசைத்தட்டு சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் போன வாரம் நண்பர் ஒருவரின் மகள், பதினைந்து வயது, வீட்டுக்கு வந்து, "அங்கிள், நீங்க அந்தக் காலத்துலயே ரெக்கார்டு கலெக்ட் பண்ணீங்களாமே. எதுலேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் முழுக் கதையைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பெரிய மனிதன் தோரணையில் மூன்று விஷயம் சொன்னேன்: தட்டுகளை நிற்க வைத்து அடுக்க வேண்டும், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், ஊசியை அவ்வப்போது மாற்ற வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு. அதை வாயால் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். எல்லோரும் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் என்பதால், மைக் செட்காரர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய தட்டுகளைப் பெட்டியோடு எனக்குக் கொடுத்துவிட்டார், கூடவே ஒரு பிளேயரும். (இடத்தை அடைக்கிறது என்றார். என் ரசனைக்குக் கிடைத்த அங்கீகாரமாக நான் அதை எடுத்துக்கொண்டேன்.) மறுநாளிலிருந்து நான் சேகரிப்பாளன். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் என் அக்கா ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. அவருடைய அப்பா சூசை வாத்தியார், தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் அப்பா, என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லாததால், "இவன் ரெக்கார்டு விஷயத்துல கெட்டிக்காரன்" என்று சொல்லிவைத்தார். வாத்தியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரே ஒரு தட்டு. ஆர்கன் இசை.

"எங்க கல்யாணத்துல இதப் போட்டுத்தான் அவள ஹாலுக்குள்ள அழைச்சிக்கிட்டு வந்தாங்க. மருமகளும் இதுக்குத்தான் நடந்து வரணும் தம்பி. உங்கள நம்பிக் குடுக்கறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் போனதும் தட்டைப் பார்த்தேன். அதன் கோடுகளில் முப்பது வருடத் தூசி படிந்திருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் கெட்டிக்காரன் அல்லவா? பாத்திரத்தில் ஷாம்பு கரைத்து, தேங்காய் நார் வேண்டாம் என்று ஒதுக்கி (என் வாழ்க்கையின் ஒரே நல்ல முடிவு), பழைய வேட்டித் துணியால் பதமாகக் கழுவினேன். பளபளவென்று ஆனது.

அதன் பிறகு நான் செய்ததை வேறு ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. எங்கள் பக்கத்தில் நனைந்த பொருள் எதுவானாலும் களத்துக்குப் போகும். நெல், உளுந்து, வடகம், தலையணை, மழையில் நனைந்த என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாம் அங்கேதான் காய்ந்தன. சித்திரை மாதம், காலை பதினொரு மணி, சிமெண்ட் களம். காய்கிற நெல்லுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அமிர்தத்திடம் காக்காய் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

சற்று நேரத்தில் அவள் வாசலுக்கு வந்தாள். "தம்பி, காக்கா ஒண்ணும் வரல. ஆனா உங்க தட்டு அப்பளமாட்டம் எழும்புது. திருப்பிப் போடவா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அந்தத் தட்டு போனதைவிட, அக்கா போகப்போகிற வீட்டில் அவள் பெயர் என்ன ஆகும் என்பதுதான் பயம். வளைந்ததை நிமிர்த்த எனக்குத் தெரிந்த வழி பாரம் ஏற்றுவது. சூடு ஆறுவதற்குள் இரண்டு சாக்குக்கு நடுவில் வைத்து, மேலே நான்கு மூட்டை நெல்லை அடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் எடுத்தபோது தட்டு முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. சாக்கின் நெசவு அதன் மேல் அழகாகப் பதிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போட்டுப் பார்க்கவும் தைரியம் இல்லை.

கல்யாணத்தன்று, கோயில் பூசை முடிந்து, ஹால் வாசலில் அக்கா நின்றாள். நான் ஊசியை வைத்தேன். ஆர்கன் இரண்டு அடி நன்றாக நடந்தது. பிறகு பஸ் மேட்டில் ஏறுவது போல முனகி, இறக்கத்தில் வேகம் பிடித்தது. இடையிடையே சாக்கு, கரகரவென்று. அக்கா இசைக்கு ஏற்றபடி நடக்க வேண்டும் என்று ஒரு வாரம் பயிற்சி எடுத்திருந்தாள். ஆகவே நின்றாள், ஓடினாள், மறுபடி நின்றாள். அவள் கையைப் பிடித்திருந்த அப்பாவும் கூடவே ஓடினார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் எழுந்து பிளேயர் பக்கம் வந்தார். சுற்றுகிற தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"கழுவினேன் மாமா."

"சரி."

"காய வச்சேன்."

"எங்க?"

"களத்துல."

"வெயில்லயா?"

"நல்ல வெயில் மாமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணும் நனைந்திருந்தது. "அவளுக்கும் தாளம் நிக்காது தம்பி. அன்னிக்கு இப்படித்தான் நின்னு நின்னு ஓடி வந்தா. நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்றார். முழுத் தட்டும் ஓடியது. அவர் கடைசி வரை அங்கேயே நின்று கேட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பன். கோயிலில் குழந்தையை ஏந்தி நிற்கிறேன். சாமியார் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி முடித்தார். கோயிலே அமைதியாக இருந்தது. பக்கத்தில் நின்ற வாத்தியார் இரண்டு கையையும் நீட்டினார்.

"கழுவியாச்சுல்ல தம்பி, பிள்ளைய எங்கிட்ட குடுத்துருங்க. காய வைக்கறத நாங்க பாத்துக்கறோம்."

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஆறு ஞானஸ்நானம் நடந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி முடித்ததும் எல்லோரும் திரும்பி, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்க்கிறார்கள். போன முறை சாமியாரும் பார்த்தார்.