வெள்ளகோவிலைத் தாண்டும்போது குனிந்தது பற்றி

காங்கேயம்,
26-4-1996.

வெள்ளகோவில் மாப்பிள்ளை திரு. சாமியப்பன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் நஞ்சுண்டன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மாமியார் பாப்பாயியும், மனோஜ்குமாரும், அரிசி ஆலையும், மாடு கன்றுகளும் நல்ல சௌகரியம். அங்கே நீங்களும் கீதாவும் பைப் கடையும் அதேபோல் சௌகரியம் என்று நேற்று வரை நம்பிக்கொண்டிருந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைக்க வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் என்னை முழுதாகப் பேச விட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தவிட்டு வியாபாரி செங்கோடன் நேற்று ஆலைக்கு வந்திருந்தார். உங்கள் கடைக்கு எதிர் டீக்கடையில் பொழுது பூராவும் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். மூட்டையைக் கூட ஏற்றாமல், "ஏனுங்க, போன வாரம் உங்க கார் எங்கூர் வழியாப் போச்சுங்களே. தூரத்துல வரும்போது பின்சீட்டுல நாலு தலை தெரிஞ்சுதுங்க. மாப்பிள்ளை கடைகிட்ட வந்தப்ப ஒரு தலையுங் காணமுங்க. கடையைத் தாண்டினதும் நாலும் எந்திரிச்சுதுங்க" என்றார். அதோடு விட்டாரா? "மாப்பிள்ளை அன்னையிலிருந்து உம்முனு இருக்காருங்க, யாரு என்ன கேட்டாலும் மொகங்குடுத்துப் பேசறதில்லீங்க" என்றும் சொன்னார். போன வெள்ளிக்கிழமை கல்யாணப் பட்டு எடுக்க வருகிறேன் என்ற கீதாவும் வரவில்லை. இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த ஊரை, மாப்பிள்ளை கடை வாசலை, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மாமனார் தாண்டிப் போனால் எந்த மாப்பிள்ளைக்கும் கோபம் வரும். வைகாசியில் மனோஜின் கல்யாணம். நீங்கள் முறுக்கிக்கொண்டு கீதாவை அனுப்பாமல் விட்டால், கல்யாண மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீருக்கு நான் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவேன்? இணைச்சீர் இல்லாத கல்யாணம் நம் பக்கத்தில் கல்யாணமா? பாப்பாயி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுகிறேன். நடந்ததை ஒழுங்காகச் சொன்னால் நியாயம் என் பக்கம்தான் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் சம்பந்தி அரங்கசாமி. கோயமுத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருப்பவர், மனோஜுக்குப் பெண் கொடுக்கிறவர், தங்கமான மனுஷர். ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பார். கொடுமுடிக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று சம்சாரத்தோடு கிளம்பி வந்தார். சரி, நான் கூட்டிப்போகிறேன் என்றேன். நான் பார்க்காத கொடுமுடியா? எங்கே வண்டி நிறுத்தினால் நிழல், எந்தப் படித்துறையில் வழுக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவரோ, "பழமையான கோயிலுங்க, வெறுமனே பாத்துட்டு வந்தா எப்படிங்க, விளக்கமாச் சொல்ல ஆள் வேணுமுங்க" என்று, கோயமுத்தூரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் 'தனி அரை நாள் சுற்றுலா, வழிகாட்டியுடன்' என்று ஏற்பாடு செய்துவிட்டார். வரவேண்டிய வேன் வழியிலேயே படுத்துக்கொண்டது. வழிகாட்டி மட்டும் பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பெயர் பாலகோபால். டை கட்டியிருந்தார். ஆகவே நம் அம்பாசிடரையே எடுத்தோம். முன்னால் டிரைவரும் அவரும், பின்னால் நாங்கள் நான்கு பேரும். நம் காரிலேயே நம்மைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு ஆள்.

கார் கிளம்பியதுமே நான் சொல்லிவிட்டேன். "தம்பி, வெள்ளகோவில்ல என்ற மக ஊடு இருக்குதுங்க. எட்டிப் பாத்துட்டுப் போயிரலாமுங்க" என்றேன். சாட்சிக்கு டிரைவரைக் கேளுங்கள். பாலகோபால் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "சார், அரை நாள்னா அரை நாள்தானுங்க சார். மத்தியானம் நடை சாத்திருவாங்க. வழியில எங்கயும் நிறுத்த முடியாதுங்க சார்" என்றார். "அஞ்சு நிமிஷந்தானுங்களே" என்றார் சம்பந்தி. அங்கேதான் மாப்பிள்ளை, நான் யோசித்தேன். ஐந்து நிமிஷம் நிற்பது என்று நம் பக்கத்தில் ஒன்று உண்டா? புதுச் சம்பந்தி முதல்முதலாக வீட்டுக்கு ஒறம்பரையாக, விருந்தாளியாக வருகிறார் என்றால், நீங்கள் கடையைச் சாத்திவிட்டு வருவீர்கள், கீதா சந்தவை பிழிய உட்காருவாள், ஒப்புட்டுக்குப் பருப்பு வேகப் போடுவாள், சாப்பிடாமல் எழுந்தால் அவள் கண் கலங்குவாள். இறங்கிவிட்டுச் சாப்பிடாமல் போனால் அவமானம் உங்களுக்கு. இறங்காமலே போனால் அவமானம் எனக்கு மட்டும். அந்த அவமானத்தை நான் ஏற்றுக்கொண்டேன். இதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது குனிந்த விஷயம். நான் ஒளிவதற்காகக் குனியவில்லை. உங்கள் கடை போர்டு கண்ணில் பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பீர்களோ என்ற ஒரு மரியாதையில் தலை தானாகக் கீழே போய்விட்டது. நான் குனிந்ததைப் பார்த்துப் பாப்பாயியும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தாள். இதையெல்லாம் பார்த்த சம்பந்தி, "வீரக்குமாரசாமி கோயிலுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளதைச் சொல்ல அது நேரமா? "ஆமாங்க" என்றேன். உடனே அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக் குனிந்தார். அவர் சம்சாரம் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குனிந்தார். டிரைவர் கூட, என்ன ஏது என்று தெரியாமலேயே, ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஓட்டினார். ஆக மாப்பிள்ளை, உங்கள் பைப் கடையைப் பெண் வீட்டார் இரண்டு பேரும் பக்தியோடு கும்பிட்டிருக்கிறார்கள். காங்கேயம் தாலுகாவில் எந்த மாப்பிள்ளைக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது? செங்கோடன் இதைச் சொல்ல மாட்டார்.

சரி, இவ்வளவு அவசரமாகப் போனோமே, சாமியைப் பார்த்தோமா என்றால் அதுதான் இல்லை. கோயில் வாசலிலேயே பாலகோபால் எங்களை நிழலில் வரிசையாக நிற்கவைத்து ஆரம்பித்தார். அந்த மன்னர், இந்தத் திருப்பணி, சிவன் பிரம்மா பெருமாள் மூவரும் ஒரே கோயிலில் இருப்பது என்று நன்றாகத்தான் சொன்னார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனப்பாடம். நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து அவருக்கு வராது. எனக்கு அது தெரியாது. "ஏனுங்க தம்பி, இது எந்தக் கூட்டத்துக்காரங்களுக்குக் குலதெய்வமுங்க?" என்று நியாயமான ஒரு கேள்வி கேட்டேன். அவர் டையைச் சரிசெய்தார், "வணக்கம், கொடுமுடிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிவதற்குள் சம்பந்தியின் சம்சாரம் வன்னி மரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். மறுபடியும் அன்புடன் வரவேற்றார். உள்ளே போய்விடலாமே என்று நான் சாடை காட்டினால், சம்பந்தி என் கையைப் பிடித்து, "பாவமுங்க, படிச்ச பையன், சொல்லி முடிக்கட்டுமுங்க" என்கிறார். அவரும் சொல்லி முடித்தார். நடையும் சாத்தினார்கள். காவேரியில் கால் நனைத்தோம், வெளியே நின்று கும்பிட்டோம், நடை திறக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். பாலகோபால், அரை நாள் முடிந்தது என்று கும்பிட்டு விடைபெற்று ரயிலடிக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் ஒரு பந்தியே சாப்பிட்டு எழுந்திருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு உங்களைவிட அதிகம்.

திரும்பும்போதாவது வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போகும்போது எட்டிப் பார்க்காமல் போய்விட்டு, வரும்போது சோற்று நேரத்துக்குச் சரியாக நான்கு பேர் வந்து இறங்கினால் அது என்ன லட்சணம்? அதனால்தான் முத்தூரிலிருந்து உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பாமல், நத்தக்காடையூர் வழியாகப் போகச் சொன்னேன். முத்தூரைத் தாண்டியதும் ஃபேன் பெல்ட் அறுந்தது. எந்த வீட்டு முன்னால் என்கிறீர்கள்? உங்கள் அப்பாவின் தங்கை சின்னாத்தாள் அம்மா வீட்டு முன்னால். உள்ளே கோழிக்குழம்பு கொதிக்கிற வாசம் ரோடு வரைக்கும் வருகிறது. "வாங்க, வாங்க, கை கழுவுங்க" என்றார். கழுவியிருப்பேன் மாப்பிள்ளை. ஆனால் உங்கள் வீட்டில் சாப்பிடாமல் உங்கள் அத்தை வீட்டில் சாப்பிட்டேன் என்ற பேச்சு உங்கள் காதுக்கு வந்தால் என்ன ஆகும் என்று, உங்கள் முகத்தை நினைத்து, "இப்பத்தானுங்க மாப்பிள்ளை ஊட்டுல சாப்பிட்டுட்டு வாரோமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"கீதா என்ன பண்ணியிருந்தா?" என்று கேட்டார். ஆரம்பித்துவிட்டோம், நிறுத்த முடியுமா? சந்தவை, தேங்காய்ப் பால், ஒப்புட்டு, பச்சைப்புளி ரசம் என்று சொல்லிக்கொண்டே போனேன். காலையிலிருந்து பட்டினியாக இருக்கிற சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, "ஒப்புட்டுக்கு நெய் கொஞ்சம் தூக்கலுங்க. அதுதான் இன்னும் நெஞ்சுலயே நிக்குதுங்க" என்றார். எப்பேர்ப்பட்ட மனுஷர் பாருங்கள். மனோஜ் நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறான் என்று அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. சின்னாத்தாள் அம்மா உள்ளே போய், ஜீரணத்துக்கு நல்லது என்று ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். பெல்ட் மாட்டும் வரை அந்தக் கோழி வாசத்திலேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆகவே, நான் செய்த ஒவ்வொன்றும் உங்கள் மரியாதையைக் காப்பாற்றத்தான் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். என் இடத்தில் வேறு மாமனார் இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். ஒரே ஒரு உதவி. சின்னாத்தாள் அம்மா விசாரித்தால் மேலே சொன்ன பலகாரங்களையே கீதாவும் சொல்லட்டும், ரசத்தை விட்டுவிட வேண்டாம். கோபத்தை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முந்தியே குடும்பத்தோடு வந்து தங்கி, இணைச்சீரை முன்னின்று நடத்திக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடையில் வியாபாரமும் கிணற்றில் தண்ணீரும் வற்றாமல் இருக்க வீரக்குமாரசாமி கூடவே இருப்பார். கீதாவுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
நஞ்சுண்டன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். இங்கிருந்து படிக்கவும்.

கடிதத்தை மடிக்கப் போகும்போது கீதாவிடமிருந்து போன். எடுத்ததும், "அப்பா, அவரு மேல கோவமா இருக்கறீங்களாப்பா?" என்று அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க போன வாரம் கோயமுத்தூருக்கு கடைக்கு வர்ற ஒரு பார்ட்டியோட வேன்ல போனோமுங்கப்பா. காலையில நம்மூட்டு வழியாத்தான் போனோம். அடுத்தவங்க வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம். நீங்க வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருந்தீங்க. எங்களைப் பாத்துட்டீங்கன்னு அவரு அன்னையிலிருந்து சரியாச் சோறே திங்கறதில்லீங்கப்பா. அதுதான் பட்டெடுக்கவும் நாங்க வரல" என்றாள். நாங்கள் கொடுமுடி போன நாள்தான் அது; நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது பாலகோபால் வரும் வழியை. ஆனால் போனில் எதற்கு அதெல்லாம் என்று, "பாத்தேன் கண்ணு. மனசுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. பரவால்ல, நான் பெருசா எடுத்துக்கல" என்று சொல்லிவிட்டேன்.

ஆக, நாங்கள் குனிந்து குனிந்து தாண்டியபோது நீங்கள் கடையிலும் இல்லை, ஊரிலும் இல்லை. கடை பூட்டிக் கிடந்ததைச் செங்கோடன் சொல்லவே இல்லை. வீடும் பூட்டிக் கிடந்திருக்கிறது. அது சின்னாத்தாள் அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியுமாம், நீங்கள்தான் போன் செய்து சொல்லிவிட்டுப் போனீர்களாம். பூட்டின வீட்டில் நாங்கள் சாப்பிட்ட ஒப்புட்டை அவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் இனி முத்தூர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். பாப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு, "கிழிச்சீங்கன்னா நானே கீதா அம்மணிக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன். பாவம், அந்த மாப்பிள்ளை சோறு திங்காம இருக்குது" என்றாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

கீதாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன் மாப்பிள்ளை. "நம்மூட்டைத் தாண்டும்போது மாப்பிள்ளை எப்படி உக்காந்திருந்தாரு?" என்றேன். "குனிஞ்சுட்டாருங்கப்பா" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து போயிருந்தீர்கள் என்றால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். கல்யாணத்துக்கு வரும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, தலையை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு வாருங்கள். நான் வாசலில்தான் நிற்பேன்.