சாமி இங்கிலீஷில் ஆடியது

குளிர்தேசத்தில் ஸ்வெட்டரும் சிரிப்புமாய் நீடூழி வாழவேண்டிய மகள் மதுமதிக்கு, முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து உன் அய்யா வீரபத்திரன் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, ஆடுகள் எல்லோரும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் நின்றுபோகும். ஆகவே மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். படிக்கும்போது கண் எரிந்தால் தூள்தான் பொறுப்பு.

தாயி, உன் கல்யாண வரவேற்பில் என்னால் உன்னோடு ஆட முடியாது.

பெண்ணும் தகப்பனும் முதலில் ஆடினால்தான் மற்றவர்கள் ஆடுவார்கள், அது டப்ளினில் மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்றாய். சரி என்றேன். டான்ஸ் மாஸ்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஆட வேண்டும் என்று தினம் ஒரு சொல்லாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். படித்தேன். ஸ்வே, நின்ற இடத்தில் அசைவது. ஸ்பின், சுற்றுவது. லீட், நடத்திப் போகிறவர். ஃபாலோ, கூடவே போகிறவர். டிப், ஜோடியை முதுகுப்பக்கம் சாய்த்துப் பிடிப்பது. சாய்க்க ஆள் வேண்டுமே. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "பட்டப்பகல்ல என் கையப் பிடிக்கிற வேலையெல்லாம் வேணாம்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். எனவே ஒரு மூட்டை மிளகாய் வத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். ஸ்வே நன்றாக வந்தது. ஸ்பின்னும் வந்தது. சத்தமாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்று "டிப்!" என்று கத்திச் சாய்த்தேன். மூட்டை கிழிந்தது. வத்தல் தூசி கண், மூக்கு, தொண்டை எங்கும் ஏறி, கண் சிவந்து, நீர் கொட்டி, தும்மித் தும்மிக் குதிக்கிறேன், பழக்க தோஷத்தில் வாய் "ஸ்பின்! ஸ்வே!" என்கிறது, சுவருக்கு அந்தப்பக்கமிருந்து உன் சித்தப்பன் மாரீஸ்வரன் எட்டிப்பார்க்கிறான்.

"ஏ, ஓடியாங்க! அண்ணனுக்கு சாமி வந்துருச்சு!"

தெருவே வந்துவிட்டது. நெற்றியில் திருநீறு. தலையில் வேப்பிலை. "யாரு வந்திருக்கிறது, சொல்லு சாமி" என்கிறான் மாரீஸ்வரன். நான் "டிப்" என்றேன், வேறு எதுவும் வரவில்லை.

"என்னடா, இங்கிலீசு பேசுது?"

"மதுமதிக்குத் துணையா வெளிநாடு போயிட்டு வந்திருக்கும்டா."

எதிர்வீட்டுக் கனகலட்சுமி காலில் விழுந்து, "சாமி, வத்தல் காஞ்சு மூட்டை கட்டுற வரைக்கும் மழை மட்டும் வேணாம்" என்றாள். நான் "தண்ணி, தண்ணி" என்றேன். கூட்டம் அலறியது. நாலு தெருவும் தார்ப்பாய் தேடி ஓடியது. இன்றுவரை ஒரு தூறல் இல்லை. சாமி மனசு மாறிவிட்டதாம். இப்போது நான் காலைத் தூக்கினாலே குறி கேட்க ஆள் உட்கார்ந்திருக்கிறது. பயிற்சி எங்கே செய்வது? பாதி கற்ற ஆட்டத்தோடு அங்கே வந்து, அவர்கள் முன்னால் உன் பட்டுப்புடவையை மிதித்து, நீ தலைகுனிந்தால் நான் தாங்கமாட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவோடு ஆடிவிடு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன். கோபப்படாதே.

குலசாமி உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். அது தமிழ் பேசும் சாமிதான், பயப்படாதே.

அன்புடன்,
அய்யா

பின்குறிப்பு: பார்சல் கட்டுமுன் உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். உன் வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். எல்லாச் சொல்லும் வருகிறது. "கையக் குடுங்க. நான் லீடு. நீங்க ஃபாலோ." பட்டப்பகல், தாயி! சுவருக்கு அந்தப்பக்கம் மாரீஸ்வரன், "அடியாத்தீ, மதினிக்கும் வந்துருச்சு!" என்கிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே, ஆடுகிறேன். இத்துடன் நிறுத்துகிறேன், கூப்பிடுகிறாள். அடுத்தது டிப். என்னைத்தான் சாய்க்கப்போகிறாளாம்.