சொந்தமாக எந்த நிகழ்ச்சியும் ஒளிபரப்புவதில்லை

ஆங்கில ஆசிரியராக ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். அதுவும் அவருக்கு உதவப் போய்.

ஏம்பலத்தில் எங்களுக்குக் கேபிள் கொடுத்தவர் தனசேகர். சொந்தச் சேனல் நடத்தும் கேபிள்காரர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், தவறினால் கேபிள் கருவிகள் உள்ள அறைக்குச் சீல் என்று அரசு உத்தரவு வந்தது. அவர் கலங்கிப்போய் என்னிடம் வந்தார். வேலையில்லாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு (எத்தனை நடை என்று மனைவிக்குத்தான் தெரியும்), வழக்கு என்றதும் புது ரத்தம் பாய்ந்தது.

உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனு. வக்கீலுக்கு விவரங்களை நானே எழுதிக் கொடுத்தேன். உத்தரவு அவருக்குப் பொருந்தாது என்று காட்ட அதில் ஒரு வரி: ‘மனுதாரர் சொந்தமாக எந்த நிகழ்ச்சியும் ஒளிபரப்புவதில்லை.’

“இன்னா சார் இது? திருவிழா, பர்த்டே வாழ்த்துன்னு நம்ம சேனல்ல ஓடுதே?”

“அதெல்லாம் ஒரு நிகழ்ச்சியாப்பா? நிறுத்திடு. கையெழுத்துப் போடு.”

போட்டார். பொய் என்று எனக்குத் தெரியும்.

இடைக்காலத் தடை கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திண்டிவனத்தில் டீ குடித்த மூன்று பேருக்கு வழக்கை விளக்கினேன். (ஒருவர் பாதி டீயோடு எழுந்து போனார்.) ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாமா? சேனல்தான் இருக்கிறதே!

“வாணாம் சார். தீர்ப்பு வரட்டும்.”

“அஞ்சே நிமிஷம்பா.”

சரிகை வேட்டியில் ஐம்பது நிமிடம் பேசினேன். மனுவிலிருந்த அந்த வரியை இரண்டு முறை வாசித்தும் காட்டினேன்.

அடுத்த விசாரணையில் அரசு வழக்கறிஞர் அந்த ஐம்பது நிமிடத்தையும் பதிவாக நீட்டினார். கொஞ்சம் பார்த்த நீதிபதி, “நிகழ்ச்சியே இல்லை என்பதை இவர் எந்த நிகழ்ச்சியில் சொல்கிறார்?” என்றார். மன்றமே சிரித்தது. பின்வரிசையில் நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன். தனசேகர் சிரிக்கவில்லை.

மனு தள்ளுபடி. அறைக்குச் சீல். இணைப்புகள் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போயின. இன்று அதே தெருக்களில் அவர்களிடம் சம்பளத்துக்கு ஏணி தூக்குகிறார் தனசேகர். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “வுடுங்க சார்” என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் எங்கள் வீட்டு ஒயரைச் சரிசெய்ய ஏறினார். கீழே நின்ற நான், “தனசேகர், அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“சார், இருங்க! எறங்கிடறேன். நீங்க பேசுனா நான் வுழுந்துடுவேன்.”

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தது தெருவுக்கே கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு, அவர் இறங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கல்யாண வீடோ, பேரனின் பள்ளி விழாவோ, நான் தொண்டையைச் செருமினாலே அவள் குரல் முந்திவிடும்:

“ஏங்க, ஏணில யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்துட்டுப் பேசுங்க.”